மருந்துக் கட்டம்

என் தம்பி பிரேம்நாத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கூடப் பிறந்தவள், சொல்ல எனக்கு உரிமை உண்டு. நாய் என்றால் பயம், இடி என்றால் பயம், கம்பெனியில் மேனேஜர் இருமினால்கூடப் பயம். கல்யாணத்தன்று பாதிரியார் "சம்மதமா?" என்று கேட்டபோது மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். அவன் மனைவி பொன்மலர் அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். இப்படிப்பட்டவன் பூதங்களுக்கும் எலும்புக்கூடுகளுக்கும் சாயம் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் அவனுக்கு ஸ்ப்ரே வேலை. வெளிநாட்டு வியாபாரி கேட்கும் ஷேடைக் கலந்து தோல்மேல் அடிக்க வேண்டும். தொண்ணூற்றெட்டில் என்று நினைக்கிறேன், ஜெர்மனியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து சில மாதம் தங்கினார். ஊருக்குத் திரும்பும்போது தன் பொழுதுபோக்குக்குக் கொண்டுவந்திருந்த ஒரு பெட்டியை, "உன் மகளுக்கு" என்று இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பெட்டிக்குள் பெரிய அட்டை ஒன்று. அதில் காடு, குகை, கோட்டை, நடுவில் வளைந்து வளைந்து போகும் கட்டங்கள். கூடவே பகடையும், கட்டைவிரல் உயரத்துக்குச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பொம்மைகளும். கத்தி வைத்த வீரன், குள்ளமான தாடிக்காரன், கொம்பு வைத்த பூதம், பல்லைக் காட்டும் எலும்புக்கூடு. எப்படி விளையாடுவது என்று ஜெர்மனில் அச்சடித்திருந்தது. எங்களுக்கு அதுவும் ஒன்று, எறும்பு ஊர்ந்த கோடும் ஒன்று.

அவன் மகள் எப்சிக்கு அப்போது நாலு வயது. எலும்புக்கூட்டைப் பார்த்ததும் வீல் என்று கத்தி என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"தூக்கிப் போடுடா இத. புள்ளைக்கு மாந்தம் கீந்தம் வந்துடப் போவுது" என்றேன்.

"எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்குதுக்கா" என்றான். "ஆனா கலர் அடிச்சா சரியாய்டும். தோலும் அப்படித்தானே. வரும்போது பார்த்தா கொமட்டும். கலர் ஏறிட்டா ஆசையாத் தடவிப் பாப்பாங்க."

கம்பெனியில் மிச்சமாகும் சாயத்தை எப்சியின் காலி சிரப் பாட்டில்களில் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். முதல் பொம்மையில் சொதப்பினான். தோல் பளபளக்க லேக்கர் அடிக்கும் பழக்கத்தில் சாயத்தைத் தின்னரில் கரைத்துப் பூச, எலும்புக்கூட்டின் முகம் மெழுகாக உருகி வழிந்துவிட்டது. பிளாஸ்டிக்குக்குத் தின்னர் ஆகாது என்று அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு தண்ணீரில் கரையும் சாயம் மட்டும்தான் பொம்மைக்கு. தின்னர், பிரஷ் கழுவ மட்டும். அதுவும் ஒரு சிரப் பாட்டிலில்தான் இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். பூதத்துக்கு ரோஸ் கலர் சட்டை, தாடிக்காரனுக்கு மஞ்சள் தாடி. "இந்தா பார், இவனுக்கும் தொப்புள் இருக்குது" என்று பூதத்தின் வயிற்றில் ஒரு புள்ளி வைப்பான். எப்சிக்குப் பயம் தெளிந்தது. தாடிக்காரன் இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிற அளவுக்கு ஆனாள்.

விளையாட்டுக்கு விதியையும் இவனே உண்டாக்கினான். அட்டையில் சில கட்டங்களில் சின்னதாக ஒரு பாட்டில் படம் இருந்தது. "இது மருந்துக் கட்டம். பூதம் அடிச்சிட்டா இங்க வந்து மருந்து குடிக்கணும். செத்தவன்கூட எழுந்துப்பான்" என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தோலில் போடுகிற எல்லாவற்றுக்கும் மருந்து என்றுதான் பெயர். முடி உதிரப் போடுவது மருந்து, பதம் பண்ணப் போடுவது மருந்து, அடிக்கிற சாயமும் மருந்து. "இன்னாப்பா பண்ற?" என்று எப்சி கேட்டால், "பொம்மைக்கு மருந்து அடிக்கிறேன்" என்பான். யாருக்கும் அது உறுத்தவில்லை. பெரியவர்கள் எங்களுக்கு எந்த மருந்து எதற்கு என்று தெரியும். நாலு வயசுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை எப்சிக்கு இருமல். பொன்மலர் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். "அப்பா மருந்து வாங்கினு வர்றேன், அதுவரைக்கும் தாடிக்காரனோட ஆடு" என்று சொல்லிவிட்டு இவன் மெடிக்கல் ஷாப்புக்குப் போனான்.

திரும்பி வந்து அவன் போட்ட கூச்சலில், அடுத்த வீட்டிலிருந்த நான் கையில் கரண்டியோடு ஓடினேன். எப்சி அட்டைக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். உதடெல்லாம் மஞ்சள். இரண்டு சிரப் பாட்டில்கள் மூடி திறந்து, தரையில் சாய்ந்து, கொட்டிக் கலந்து கிடந்தன.

"அப்பா, நானும் தாடிக்காரனும் மருந்து குடிச்சிட்டோம்" என்றாள். சொல்லிவிட்டு இருமினாள். இருமல் நிற்கவில்லை.

பொன்மலர் ஈரக் கையோடு வந்து பிள்ளையை வாரி எடுத்தாள். எதிர்வீட்டு அக்தரி பேகம் ஒரு நொடியில் நிலைமையைப் புரிந்துகொண்டு, சொம்பு நிறைய உப்புத் தண்ணீரோடு வந்துவிட்டார்.

"வாந்தி எடுக்க வைம்மா. மஞ்சக் கலருதான் குடிச்சிருக்குது, வாயப் பாரு. வெளிய வந்துட்டா ஒண்ணும் ஆவாது."

எங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டது. பிரேம் மட்டும் சிலை மாதிரி நின்றான். அவன் மண்டைக்குள் ஓடியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் கம்பெனியில் அப்துல் ஹமீத் என்று ஒருவர் இருந்தார். பீப்பாயிலிருந்து டியூபில் வாய்வைத்துத் தின்னரை உறிஞ்சும்போது உள்ளே போய்விட்டது. நல்லது என்று நினைத்துச் சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். வந்தது வழிமாறி நுரையீரலுக்குள் போய், மனிதர் பிழைக்கவில்லை. அன்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என் தம்பி.

சாயம் குடித்திருந்தால் வாந்தி எடுக்க வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. தின்னர் குடித்திருந்தால் எடுக்கவே கூடாது. உதடு மஞ்சள் என்கிறது. ஆனால் பாட்டில் இரண்டும் திறந்திருக்கிறது. மோந்து பார்க்கலாமே என்பீர்கள். வீடு முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது, எதை மோந்து பார்ப்பது? அதுவும் போக, எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டத்தான். தோல் நாற்றத்திலும் மருந்து நெடியிலும் பிறந்து வளர்ந்தவர்கள்.

சொம்பு எப்சியின் வாயருகே போய்விட்டது. பொன்மலர் தாடையை அழுத்திப் பிடித்திருந்தாள்.

அப்போதுதான் பிரேம் மகளின் மூடிய கையைப் பார்த்தான். விரல்களைப் பிரித்தான். உள்ளே தாடிக்காரன். தாடி இல்லை, மூக்கு இல்லை, கண் இல்லை. முகம் வழவழவென்று வழிந்து மார்பில் ஒட்டியிருந்தது.

"குடுக்காத!" என்று கத்தினான். அப்படி ஒரு அதட்டல் அவனிடமிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. சொம்பைத் தட்டிவிட்ட வேகத்தில் அக்தரி பேகத்தின் மேலெல்லாம் தண்ணீர்.

"இன்னாடா பண்ற, பைத்தியமா நீ?" என்று நான் சீறினேன்.

"மூஞ்சியில்லக்கா. இதுக்கு மூஞ்சியில்ல. தின்னர்தான் குடிச்சிருக்கா."

மஞ்சள் சாயப் பாட்டிலின் மூடியில் தின்னரை ஊற்றியிருக்கிறாள், உதட்டில் மஞ்சள் ஒட்டியது அதனால்தான். முதலில் அடிபட்ட தாடிக்காரனுக்கு, பிறகு இருமல் வந்த தனக்கு. அவன் சொல்லிக்கொடுத்த விதிப்படி ஒழுங்காக ஆடியிருக்கிறாள்.

தெருமுனை டாக்டர் ஞாயிற்றுக்கிழமை இருக்க மாட்டார். அக்தரி பேகத்தின் மகன் ஷபீ அஹமது தோல் ஏற்றும் வேனை எடுத்தான். பிரேம் பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு, "தூங்காதம்மா, அசையாம இரு, அப்பாவையே பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பள்ளிகொண்டா தாண்டும்போது அவள் மூச்சு கரகரத்தது. விரிஞ்சிபுரம் வரும்போது கண் செருகியது. நான் ஜெபம் சொன்னேன், எந்த ஜெபம் என்று கேட்காதீர்கள். எனக்கு வாயில் வந்தது சாப்பாட்டுக்கு முன் சொல்வது.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "குழந்தை என்ன குடிச்சா?" என்று கேட்டார்.

"மருந்துங்க" என்றான் பிரேம்.

"என்ன மருந்து? இருமல் மருந்தா?"

அந்த ஒரு சொல்லில் என் தம்பி உடைந்துபோனான். வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்துவிட்டான். தின்னர் என்று நான்தான் சொன்னேன். டாக்டரம்மா கேட்ட அடுத்த கேள்வி, வாந்தி எடுக்க வைத்தீர்களா என்பது. இல்லை என்றோம். "நல்ல வேளை" என்றபடி பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்.

மார்புச் சளிக்காய்ச்சல் வந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். காய்ச்சல் ஏறி இறங்கிய நாட்களெல்லாம் பிரேம் வார்டு வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் ஒரு காலையில் எப்சி கண் திறந்து கேட்டது தாடிக்காரனை.

வீட்டுக்கு வந்ததும் இவன் செய்த முதல் காரியம், அட்டையிலிருந்த பாட்டில் படங்கள்மேலெல்லாம் தோல் துண்டுகளை வெட்டி ஒட்டியது. சாயம், தின்னர், பிரஷ் எல்லாம் போயிற்று. பாதிப் பூதங்கள் சாம்பலாகவே நின்றுவிட்டன. எப்சி அந்தத் தோல் கட்டத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அப்போ அடிபட்டா இன்னாப்பா பண்றது?"

முகமில்லாத தாடிக்காரனை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்தான்.

"இங்க வந்து அசையாம நிக்கணும். நின்னுகினு, அப்பான்னு கூப்புடணும். அப்பா வர்ற வரைக்கும் ஒண்ணும் பண்ணக்கூடாது."

விளையாட்டு அவள் ஐந்தாம் வகுப்போடு பரணுக்குப் போய்விட்டது. இரண்டாயிரத்து ஒன்பதில் அவள் பிளஸ் ஒன் படிக்க வேலூர் ஹாஸ்டலுக்குப் போனாள். பெரிய பெண், வாய் ஜாஸ்தி, அப்பாவின் பயத்தைப் பேசிக் காட்டியே தோழிகளைச் சிரிக்க வைப்பாளாம். ஒரு மத்தியானம் இவனுக்கு போன் வந்தது. நான் கம்பெனிக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன், பக்கத்தில்தான் இருந்தேன். ஜுரத்தில் குழறுகிற எப்சியின் குரல்.

"அப்பா. அசையாம நிக்கிறேன்."

ஸ்ப்ரே கன்னைப் போட்டது போட்டபடி, செருப்புகூட மாற்றாமல் ஓடினான். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லையாம், வேலூர் வரைக்கும் நின்றுகொண்டே போனானாம்.