குதிகால் தரையில் பட வேண்டும்

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் டிக்கெட் கிழிக்கும் இடத்தைத் தாண்டினால் ஒரு மரக்கம்பம் நிற்கும். கம்பத்தில் மூன்று கோடுகள். தொண்ணூறு சென்டிமீட்டரில் மஞ்சள், நூற்றைந்தில் நீலம், நூற்றிருபதில் சிவப்பு. கம்பத்துக்குப் பக்கத்தில் பதின்மூன்று வருஷமாக அவள் நிற்கிறாள். வருகிற பிள்ளையைக் கம்பத்தோடு ஒட்டி நிறுத்தி, மேலேயிருந்து ஒரு பலகைத் துண்டை உச்சந்தலை வரைக்கும் இறக்கிப் பார்ப்பாள். தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அந்த நிறத்தில் மணிக்கட்டுக்கு ஒரு காகிதப் பட்டை. மஞ்சளுக்கு வாத்துப் படகும் குட்டிக் கார்களும். நீலத்துக்கு அதோடு தண்ணீர்ச் சறுக்கு. சிவப்புக்கு எல்லாமே. வாசலுக்கு வெளியே நிற்கும்போதே தலைக்கு மேல் அலறிக்கொண்டு போகுமே, பச்சை நிறப் பாம்பு ரயில், அது உட்பட.

கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் அளவுக்காரம்மா. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் வேறு பெயர்.

பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள்தான் அவளிடம் தகிடுதத்தம் செய்வார்கள். ஷூவுக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக் கொண்டுவருவார்கள். தலைமுடியை உச்சியில் குவித்துக் கொண்டை போட்டு, அதற்கு மேல் தொப்பி மாட்டி அழைத்து வருவார்கள். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்வாள். கடைசியாக, "கண்ணா, குதிகால் தரையில படணும்" என்பாள். எக்கி நிற்கிற பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

"அரை சென்டிதானேங்க. பாத்து விடக்கூடாதா?" என்பார் ஒரு தகப்பன்.

"விடலாங்க. அந்த அரை சென்டியில பிள்ளை நழுவிட்டா என் சட்டையைத்தானே பிடிப்பீங்க?"

"உங்களுக்குன்னு பிள்ளைகுட்டி இருந்தா இப்படிப் பேசமாட்டீங்க."

"இருக்கான். அவனையும் இப்படித்தான் நிறுத்துவேன்."

பிறகு அழுகிற பிள்ளை பக்கம் குனிந்து, எல்லாப் பிள்ளைக்கும் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொல்வாள்: "அடுத்த வருஷம் வளர்ந்துடுவ கண்ணா." அதுவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நம்பிவிடும்.

இந்த வேலையில் இருந்ததால் தெருவில் அவளுக்கு ஒரு டாக்டருக்குரிய மரியாதை உண்டு. மளிகைக் கடைக்காரர் சர்க்கரையை எடை போட்டுக்கொண்டே கேட்பார், "பேத்திக்கு மூணு முடிஞ்சுது. கூட்டிட்டு வரலாமா?" என்று. அவள் பதில் எப்போதும் ஒன்றுதான். வயசெல்லாம் கணக்கில்லை, நூற்றிருபது சென்டி வந்ததும் கூட்டிட்டு வாங்க. சுமாரா ஏழு வயசு வச்சுக்குங்க. ரெண்டு வயசுப் பிள்ளை தோளில் தூங்கிவிடும். மூணு வயசுப் பிள்ளை கரடி வேஷக்காரனைப் பார்த்து வீறிடும். நாலும் அஞ்சும்தான் ரொம்பப் பாவம், அக்காள் பாம்பு ரயிலில் ஏறுவதைக் கம்பிக்கு வெளியே நின்று பார்க்கும்.

"ஆசையைக் காட்டி வாசல்ல நிறுத்துறதைவிடக் கொடுமை கிடையாதுங்க" என்பாள். ஒரு நாளைக்கு நாற்பது முறை அந்தக் கொடுமையைச் செய்கிறவள் அவள்தான் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

நாத்தனார் மட்டும் ஒரு தடவை அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ஒரு குடும்பப் பாஸ் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு, ரெண்டு வயசுக் குழந்தையோடு போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, "என்ன அண்ணி பார்க் அது! போனதுலேர்ந்து அழுகை. வாத்துல வாந்தி. கரடி மேலயும் வாந்தி!" என்று பையைத் தொப்பென்று போட்டாள்.

"நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க. கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கக்கூடாதா?"

அந்தப் பாஸ் உண்மையில் அவளுடைய மகனுக்குச் சேர வேண்டியது. அவனுக்கு அப்போது மூன்று வயது. தொண்ணூற்றிரண்டு சென்டி. வீட்டுக்குள் நடக்கவே தெரியாதவன்போல ஓடிக்கொண்டே இருப்பான்.

"கூட்டிட்டுப் போயேன்" என்றான் அவள் கணவன். வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன். எதையும் உடனே செய்துவிட வேண்டும் அவனுக்கு. "வாத்துல உக்காரட்டும். அவனுக்கு அதுவே கப்பல்."

"அடுத்த வருஷம் அவனுக்கு ஞாபகம் இருக்குமா?"

"போன வாரம் நீ சாப்பிட்டது உனக்கு ஞாபகம் இருக்கா? அதுக்காகச் சாப்பிடாம இருந்தியா?"

ஆனால் அவள் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அதை அவனிடம்கூடச் சொன்னதில்லை. தன் கையால் எத்தனையோ பிள்ளைகளின் முகம் வாடிப்போவதைப் பார்த்தவள் அவள். தன் பிள்ளை ஒருவன் மட்டும் அந்தக் கம்பத்தில் ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும். நின்றதும் சிவப்புப் பட்டை கட்ட வேண்டும். 'உனக்கு இல்லை' என்ற சொல் அங்கே அவன் காதில் விழவே கூடாது.

அதனால் காத்திருந்தாள். சமையலறைக் கதவு நிலையில் அதே உயரத்தில் அதே மூன்று நிறக் கோடுகளைப் போட்டாள். பூங்காவில் மிச்சமான பெயிண்ட்தான். மாதம் பிறந்தால் முதல் தேதி அவனை நிலையோடு நிறுத்துவாள். பென்சிலால் கோடு, பக்கத்தில் தேதி. அவள் சட்டைப் பையில் ஒருநாள் கிழிந்த சிவப்புப் பட்டை ஒன்றைக் கண்டெடுத்து மகன் தன் கையில் சுற்றிக்கொண்டான். அவிழ்த்து வாங்கி வைத்துவிட்டாள். "நியாயமா வாங்கிப் போட்டுக்கோ" என்றாள். வருஷா வருஷம் பாஸ் யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிற்று.

அவனுக்கு ஐந்து முடிந்த சமயம். கோடு போடக் குனிந்தவள் கண்ணில் அவன் கால் பட்டது. குதிகால் இரண்டும் தரையை விட்டு ஒரு விரல் எழும்பி நின்றன.

"டேய், யார்கிட்ட?"

"என்னம்மா?"

"எக்காத. குதிகால் படணும்."

"நான் எக்கலம்மா."

தோளைப் பிடித்து அமுக்கினாள். இறங்கின, கை எடுத்ததும் எழும்பின. அவளுக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. கணவனும் சிரித்தான். "திருடனைப் பிடிக்கிறவ வீட்டுலயே திருடன்!" அந்த மாதக் கோட்டுக்குப் பக்கத்தில், தேதிக்குக் கீழே, 'ஏமாத்து' என்று எழுதினாள். விளையாட்டுக்குத்தான் எழுதினாள்.

அடுத்த மாதமும் அதே கதை. அதற்கடுத்த மாதம் நடக்கும்போதும் நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தான். கோட்டுக்கு அவசரப்பட்டு நாள் முழுக்க எக்கிப் பழகுகிறான் என்று நினைத்தாள். "கோடு தானா வரும். நீ எக்கினா வராது" என்று திட்டினாள். கால் வலிக்கிறது என்றான். "எக்கினா வலிக்காம என்ன செய்யும்?" என்றாள். ஒருநாள் நன்றாகவே அமுக்கிவிட்டாள். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதான். அன்றைக்கும் எழுதினாள், 'ஏமாத்து'.

பள்ளிக்கூடத்து டீச்சர்தான் கூப்பிட்டு அனுப்பினாள். "அடிக்கடி விழறான். விழறதுகூடப் பரவாயில்ல. அவன் எழுந்திரிக்கிற விதத்தைப் பாருங்க." பார்த்தாள். முதலில் கைகளைத் தரையில் ஊன்றினான். பிறகு முழங்காலில், பிறகு தொடையில். தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல் ஏறி நிமிர்ந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர மூன்று வாரம். தசைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்துபோகிற நோய் என்றார் டாக்டர். முதலில் கால், பிறகு கை, பிறகு மற்றது. கால் தசை சுருங்குவதால்தான் குதிகால் எழும்புகிறது. அவனே நினைத்தாலும் தரையில் வைக்க முடியாது.

"நுனிக்கால்ல நடக்க ஆரம்பிச்சது எப்போன்னு ஞாபகம் இருக்கா? சுமாரா சொன்னாப் போதும்."

அவளுக்குச் சுமார் தேவைப்படவில்லை. மாதம் சொன்னாள், தேதி சொன்னாள். ஒரு வருஷம் நாலு மாதம் ஆகியிருந்தது.

"இவ்வளவு துல்லியமா எந்த அம்மாவும் சொன்னதில்லை" என்றார் டாக்டர். பாராட்டாகத்தான் சொன்னார்.

"அப்பவே வந்திருந்தா?"

"பெரிய வித்தியாசம் இருந்திருக்காதும்மா."

அது நிஜமா, அல்லது அந்த அறையில் உட்காருகிற எல்லா அம்மாக்களுக்கும் அவர் வைத்திருக்கிற வாக்கியமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளிடமும் அப்படி ஒன்று இருந்ததே.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னும் சில வருஷம் நடையைக் காப்பாற்றும், முகம் உப்பும், உயரம் சரியாக ஏறாது.

"ஏறாதுன்னா எவ்வளவு ஏறும் டாக்டர்?"

நடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவளை விநோதமாகப் பார்த்தார். கணவன் அவள் கையைப் பிடித்து எழுப்பினான். வீட்டுக்கு வந்ததும் அவன் துணியை நனைத்து, கதவு நிலையில் எழுதியிருந்த அந்தச் சொல்லை அழிக்கத் தொடங்கினான். எழுத்து போயிற்று, அழுத்தி எழுதிய தடம் மரத்தில் நின்றது.

"இந்த வருஷப் பாஸை யாருக்கும் குடுக்காத" என்றான்.

ஆக, அவள் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த அதே ஏழு வயதில்தான் மகன் பூங்காவுக்குப் போனான். முகம் ஊதி, கன்னம் பளபளவென்று இருந்தது. அன்று அவளுக்கு விடுப்பு. கம்பத்தில் டிக்கெட் கிழிக்கிறவள் நின்றாள். "வாடா ராஜா" என்று நிறுத்தினாள். "குதி..." என்று வாய்ப்பழக்கத்தில் ஆரம்பித்து, அளவுக்காரம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நூற்றுப் பதின்மூன்று. நீலப் பட்டை.

"சிவப்பு இல்லையா?" என்று கேட்டான் மகன். டிக்கெட் கிழிக்கிறவள் செருப்புகளை ஒழுங்காக அடுக்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

வாத்துப் படகில் கணவன் தூக்கித்தான் உட்கார வைத்தான். சுற்றி மூன்று வயதுப் பிள்ளைகள். முழங்கால் இடித்தது. ஒரு பொடிசு தன் அம்மாவிடம், "இந்த அண்ணா ஏன் இங்க உக்காந்திருக்கான்?" என்று சத்தமாகக் கேட்டது. ஒரு சுற்று முடிந்ததும், "இது சின்னப் பசங்களுதும்மா" என்றான். நாலு வருஷம் முந்தி அவனுக்கு அது கப்பலாக இருந்திருக்கும்.

தண்ணீர்ச் சறுக்குக்கு முப்பத்திரண்டு படி. தொடையில் கை ஊன்றி ஒன்பது ஏறினான். பின்னால் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். "தூக்கிக்கவாடா?" என்றான் அப்பா. "வேண்டாம்பா, இறங்கலாம். தண்ணி ஜில்லுன்னு இருக்கும்" என்றான் மகன்.

பாம்பு ரயிலின் அடியில் போய் நின்றார்கள். அதை ஓட்டுகிறவனுக்குப் பிரேக் என்று பட்டப்பெயர். அவளோடு பத்து வருஷமாக வேலை செய்கிறவன். அவன் பையனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கிட்டே வந்து தணிந்த குரலில், "அளவுக்காரம்மா, கடைசிப் பெட்டி காலி. அப்பாவும் பிள்ளையும் ஏறட்டும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்றான்.

மகனுக்குக் காதில் விழுந்துவிட்டது. முகத்தில் வெளிச்சம். அவளுக்கோ கழுத்தைக் குலுக்குகிற எதிலும் ஏற்றாதீர்கள் என்று டாக்டர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அந்த வளைவுகளில் பெரியவர்களுக்கே கழுத்துப் பிடித்துக்கொள்ளும். பதின்மூன்று வருஷத்தில் முதல் முறையாகக் கோட்டை மறக்க அவள் தயாராக இருந்தாள். ஆனால் கோடு அங்கே விஷயமாகவே இல்லை.

"வேண்டாம்" என்றாள்.

"ஏம்மா? அவரே சரிங்கறாரே?"

கழுத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. "கோடு வரலடா" என்றாள்.

அவன் தலையாட்டினான். கோடு அவனுக்குப் புரிகிற விஷயம். "அடுத்த வருஷம் வரும்லம்மா?"

"அடுத்த வருஷம் வளர்ந்துடுவ கண்ணா" என்றாள். கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு யாராவது பிள்ளையை எந்த வயதில் கூட்டி வரலாம் என்று கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க" என்றாள். மளிகைக் கடைக்காரர், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்து, இரண்டு பிடி சர்க்கரை கூடப் போட்டார்.

முதல் தேதி வந்தது. அவள் மறந்ததுபோல் இருந்தாள். அவன்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றான். "அளந்து பாரும்மா." அவள் ஸ்கேலைத் தலையில் வைத்தாள். பழைய கோட்டின் மேலேயே நின்றது. மூன்று மாதமாக அங்கேயேதான். கோட்டின் மேல் கோடு விழுந்து அது தடித்துப் போயிருந்தது. கை தானாக ஸ்கேலை ஒரு விரல் அளவு தூக்கியது. புதிதாக ஒரு கோடு போட்டாள்.

"ஏறியிருக்கு" என்றாள்.

"எவ்வளவு?"

"ஒரு சென்டி."

நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினான். கோட்டைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

"குதிகால் படலையேம்மா."

"பரவாயில்ல."

"படலைன்னா கணக்கில்லைன்னு நீதானே சொல்வ? இது ஏமாத்து. எழுதும்மா."

அவன் அவள் விரல்களுக்கிடையிலிருந்து பென்சிலை உருவிக்கொண்டான். புதுக் கோட்டுக்குப் பக்கத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம்தான் எழுத்து திருந்தியிருந்தது. நேராக, அழுத்தமாக, தெளிவாக விழுந்தது. நோய் கைக்கு வருவது பிறகுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.