எரிமலை ஊரிலிருந்து வந்த கேசட்

பத்து வயதில் எனக்கு ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. தலைப்பு, எரிமலைகள். இன்றும் வீட்டில் யாராவது அந்தப் பேச்சை நினைவுபடுத்தினால் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தன்னடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! வெட்கம். நாற்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் காது மடல் சூடாகிறது.

அப்போது நாங்கள் துபாயில், சத்வாவில் இருந்தோம். தையல் கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. இரண்டு அறை, ஒரு கூடம். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா ஏசி மெக்கானிக். ஊரையெல்லாம் குளிரவைத்துவிட்டு வந்து எங்கள் வீட்டு ஏசியை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார். அது லாரி மேடேறுவதுபோல முக்கிக்கொண்டே ஓடும். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் குமரிக் கடற்கரை. எல்லாரும் செய்வதுபோல நாங்களும் ஓர் அறையை உள்வாடகைக்கு விட்டிருந்தோம். அதில் அம்மாவோடு வேலைபார்த்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர் இருந்தார். நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார்.

ஆன்ட்டியின் ஊர் ஓர் எரிமலையின் அடிவாரத்தில் இருந்தது. அவர் கட்டிலுக்கு மேலே ஒரு போட்டோ ஒட்டியிருக்கும். பின்னால் கூம்பு மாதிரி மலை, முன்னால் வயல், வயலில் ஓர் எருமை, எருமைக்குப் பக்கத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் அவருடைய அப்பா. மலை உச்சியை மேகம் மூடிய நாளில் "இன்னைக்கு அவளுக்கு வெட்கம்" என்பார்களாம். நெருப்பைவிட அவர்கள் பயப்படுவது மழைக்குத்தான் என்று ஒருநாள் சொன்னார். கூரைமேல் விழுந்த சாம்பலை மழைக்கு முன்பே தள்ளிவிட வேண்டும். நனைந்துவிட்டால் பாரம் தாங்காமல் கூரை இறங்கிவிடும். மலைச்சரிவில் கிடக்கும் சாம்பல் சேறாகிக் கீழே வரும்.

"அப்புறம் எதுக்கு அங்க இருக்கீங்க? வேற இடமே கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

ஆன்ட்டி சிரித்தார். "அந்த மண்ணுல சீனிக்கிழங்கு உன் தலை பெரிசுக்கு விளையும். அது சரி, நீங்க எதுக்கு இந்த வெயில்ல வந்து இருக்கீங்க?"

கேட்டதற்குச் சொல்லாமல் என்னையே திருப்பிக் கேட்டார். அதனால் அவருக்கு விவரம் போதாது என்று முடிவுசெய்தேன்.

அந்த நாட்களில் ஊருக்குப் போன் பேசுவது பெரிய காரியம். எல்லாரும் கேசட்டில்தான் பேசிக்கொண்டார்கள். லீவில் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினால், வருகிறவர் கையில் பதில் வரும். ஆன்ட்டி வீட்டாருக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே கேசட்தான் போகும், வரும். அவர்கள் பேசியதைக் கேட்டு முடித்ததும் அதன்மேலேயே ஆன்ட்டி தன் பதிலைப் பதிந்து அனுப்புவார். அதைக் கேட்டுவிட்டு அவர்கள் மறுபடி அதன்மேல் பேசுவார்கள். முதல் பக்கம் அம்மா, தங்கைகள், அக்கம்பக்கத்தார், பிள்ளைகள் பாடும் பாட்டு. இரண்டாவது பக்கம் முழுக்க அப்பாவுக்கு.

அந்த வருஷம் மலை புகைய ஆரம்பித்திருந்தது. சரிவை விட்டுவிட்டு டவுனில் இருக்கும் மூத்த மகள் வீட்டுக்குப் போய்விடும்படி ஆன்ட்டி தன் அப்பாவிடம் கெஞ்சி ஒரு கேசட் அனுப்பியிருந்தார். அந்த மனிதர் பிடிவாதக்காரர். எருமையை யாரிடம் விடுவது என்பாராம். என்ன பதில் வரப்போகிறதோ என்று ஆன்ட்டி இரண்டு மாதமாக அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை, லீவு முடிந்து வந்த அவர் ஊர்க்காரர் ஒருவர் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை எனக்குப் பேச்சுப் போட்டி. அப்பா யார் வீட்டிலோ இருந்த என்சைக்ளோபீடியாவைப் பார்த்து எழுதிக்கொடுத்தார். 'எரிமலை என்பது பூமியின் மேலோட்டில் உள்ள ஒரு துவாரம்' என்று ஆங்கிலத்தில் தொடங்கும். முடிவை மட்டும் அவரே சொந்தமாகச் சேர்த்திருந்தார்: 'இத்தனை ஆபத்து இருந்தும் அறியாமையால் சிலர் இன்னும் எரிமலை அடிவாரத்தில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அறிவு புகட்டுவது நம் கடமை.' அதை வாசித்துக் காட்டும்போது அவருக்கே மெய்சிலிர்த்தது.

"மக்ளே, ஒரு தடவ பேசி டேப்புல பிடிச்சுக் கேளு. எங்க தடுக்குதுன்னு தெரியும்" என்றார்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. எங்கள் கேசட்டுகள் எல்லாவற்றிலும் அப்பா முதுகுப்பக்கத்து இரண்டு சின்னப் பல்லையும் உடைத்துவைத்திருந்தார், நான் வேதப்பாட்டுகள்மேல் எதையாவது பதிந்துவிடக் கூடாதென்று. பல் போன கேசட்டில் பதிய முடியாது. ஆன்ட்டியின் மேஜைமேல் அந்தக் கேசட் இருந்தது. பல் இரண்டும் பத்திரமாக இருந்தன. நாலு நாளாகிவிட்டது, கேட்டு முடித்திருப்பார், எப்படியும் இதன்மேல் பேசத்தானே போகிறார் என்று நினைத்தேன். இதுவரை செய்தது தப்புதான், பாவமில்லை. இதை நான் எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. இனிமேல் வருவதுதான் என் பாவம்.

எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் எங்கள் டேப் ரெக்கார்டரில் போட்டு, சிவப்புப் பட்டனை அழுத்தி, மூன்று நிமிஷப் பேச்சையும் தங்குதடையில்லாமல் பேசினேன். பின்னால் ஓட்டிக் கேட்டேன். என் குரல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'நம் கடமை' என்று முடிந்ததும் டக்கென்று ஒரு சத்தம். அடுத்த விநாடி ஒரு கிழவர் பாதி வார்த்தையிலிருந்து பேசத் தொடங்கினார். எங்கோ ஒரு சேவல் கூவியது. கிழவர் இருமினார், நிறுத்தினார், ஆன்ட்டியின் செல்லப்பெயரைச் சொன்னார், மறுபடி பேசினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் அப்பா பேசும் பக்கத்தை மட்டும் ஆன்ட்டி உடனே கேட்க மாட்டார். வெள்ளிக்கிழமை லீவு நாளுக்கென்று எடுத்துவைப்பார். வாரம் முழுக்க அது தீராமல் இருக்க வேண்டுமாம்.

மூன்று நிமிஷம்தான் போயிருந்தது. அப்படியே எடுத்து வைத்திருந்தால் அவருக்கு மிச்சம் இருபத்தேழு நிமிஷம் கிடைத்திருக்கும். ஆனால் தொடக்கத்தில் என் குரல் இருக்கிறதே! அதை மட்டும் அழித்தால், முதல் மூன்று நிமிஷம் எங்கே போனது, யார் தொட்டது என்று கேள்வி வரும். முழுவதுமே போய்விட்டால்? கேசட் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். பத்து வயதில் எனக்குக் கணக்கு வராது என்று டீச்சர் எழுதியனுப்புவார். இந்தக் கணக்கு மட்டும் எவ்வளவு சுருக்காக வந்தது பாருங்கள்.

கேசட்டை முதலுக்கு ஓட்டினேன். சிவப்புப் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் பேசாமல் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அரை மணி நேரம். சின்னக் கண்ணாடிக்குள் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது நிமிஷத்தில் நிறுத்தியிருக்கலாம். பத்தாவதில் நிறுத்தியிருக்கலாம். இருபதாவதில் நிறுத்தியிருந்தால்கூட அந்தக் கிழவருக்குப் பத்து நிமிஷம் மிஞ்சியிருக்கும். நடுவில் அம்மா டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஏட்டி, சோறு தின்னியா?" என்று கேட்டார்.

"தின்னேம்மா" என்றேன். என்ன நிதானம்! அம்மா அடுக்களைக்குப் போனார். பட்டன் தானாக மேலே எழும்பும்வரை நான் அசையவில்லை. பிறகு கேசட்டை எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் ஒன்றாகத்தான் வேதக்கோவிலுக்குப் போனோம். வீடு திரும்புவதற்குள் கரண்டு போய்விட வேண்டும் என்று முழங்காலில் நின்று மன்றாடினேன். துபாயில் கரண்டு போவதாவது! மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆன்ட்டி தலைவாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, காபி கலந்து எடுத்துக்கொண்டு, விருந்தாளி வந்திருக்கும் வீட்டுக்குள் போவதுபோலத் தன் அறைக்குள் போனார். கதவு ஒருச்சாய்த்திருந்தது. நான் கூடத்தில் பாடப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டன் அமுங்கும் சத்தம். அப்புறம் ஏசியின் முக்கல். எங்கள் ஏசியே அந்தக் கேசட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் பேசாவிட்டால் ஒன்றும் பதியாது என்று நான் நம்பியிருந்தேன், மடச்சி. ஆன்ட்டி முன்னால் ஓட்டிப் பார்த்தார். முக்கல். இன்னும் ஓட்டினார். முக்கல். பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, அம்மாவின் குரல்:

"ஏட்டி, சோறு தின்னியா?"

"தின்னேம்மா."

டக்கென்று நிறுத்தினார். வந்து அறைவார், அப்பாவிடம் சொல்வார், அப்பா பெல்ட்டைக் கழற்றுவார் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆன்ட்டி வெளியே வந்தபோது மறுபடியும் முகம் கழுவியிருந்தார். "அப்பா என்ன சொல்லுறாரு? டவுனுக்குப் போறாராமா?" என்று அம்மா ஆவலாகக் கேட்டார்.

"கேசட் கலாஸ், போச்சு, சிஸ்டர். ஒண்ணும் இல்ல. கொண்டுவந்தவர் கார்ல வெயில்ல வச்சிருப்பார்போல." என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். "என் தப்புதான். வந்த அன்னைக்கே கேட்டிருக்கணும்."

"சவம்! பெத்த அப்பனுக்க சத்தத்த இப்பிடியா கெடுத்துக் கொண்டு வருவான்?" என்று அம்மா அந்த அப்பாவி மனிதரைச் சாயங்காலம்வரை திட்டித் தீர்த்தார். நான் பாடப் புத்தகத்தில் ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே கூடத்தில் பேச்சு ஒத்திகை. பார்வையாளராக இருக்க அப்பா ஆன்ட்டியையும் கூப்பிட்டார். அவரும் வந்து உட்கார்ந்தார். 'அறியாமையால் சிலர்' என்ற இடத்தில் அப்பா சொல்லிக்கொடுத்தபடி வலது கையை நீட்டினேன். கை நீண்ட பக்கம்தான் ஆன்ட்டி இருந்தார். பேசி முடித்ததும் முதலில் கைதட்டியது அவர்தான். மறுநாள் போட்டிக்கு என் சீருடையை இஸ்திரி போட்டுக்கொடுத்ததும் அவர்தான்.

இன்னொரு தடவை சொல்லுங்கள் அப்பா என்று கேட்டு ஆன்ட்டி அதே கேசட்டில் பேசி அனுப்பினார். அது போய்ச் சேர்வதற்குள் மலை வெடித்துவிட்டது. ஊரையே டவுன் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். கிழவர் எருமையைப் பார்க்க மேலே போய் மழையில் நனைந்து திரும்பி, சளி நெஞ்சில் கட்டி, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இறந்துபோனார். அடுத்து வந்த கேசட்டின் இரண்டாவது பக்கத்தில் தங்கைதான் பேசியிருந்தாள். முந்தின தடவை அப்பா என்ன பேசினார் என்று அவளுக்கும் தெரியவில்லை. எல்லாரையும் போகச் சொல்லிவிட்டு, வயலில் தனியாக உட்கார்ந்து பேசினாராம். இறங்கி வருகிறேன் என்றாரா, வரமாட்டேன் என்றாரா, வேறெதையாவது சொன்னாரா, உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பேச்சில் கொஞ்சமாவது கேட்டது நான் மட்டும்தான். எனக்கோ ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்குமேல் ஆன்ட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தார். காலையில் எனக்குச் சடை பின்னிவிடுவார். அந்தக் கேசட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நான் நம்பினேன். வளர்ந்த பிறகு ஜெபக்கூட்டத்தில்கூட, ஆள் பெயர் சொல்லாமல், மன்னிப்புக்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அங்கே சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. ஆன்ட்டிக்கு முன்னால் அதே அறையில் ஒரு மலையாளி நர்ஸ் இருந்தார். ஏதோ சேட்டை செய்தேன் என்று ஒருநாள் அவர் என் காதைத் திருகினார். நான் அழுத அழுகையில் அப்பா மறுநாள் காலையிலேயே அவருடைய பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார். அந்தப் பெண் பெட்டியோடு தெருவில் நின்று அழுததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆன்ட்டி குடிவந்த முதல் நாள், அவர் துணிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, கட்டில்மேல் உட்கார்ந்து காலை ஆட்டியபடி இதை ஒன்றுவிடாமல் அவருக்குச் சொன்னது நான்தான். எங்கள் அப்பாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று காட்டுவதற்காகச் சொன்னேன். அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.