மணியை விரும்பிய ஈஸ்ட்

ஜாக்குலின் லேசில் சந்தோஷப்படுகிற ஆள் இல்லை. அப்பா தேவசகாயம் படாளம் கிராமத்தில் அடுத்தவர் கழனியில் வேலை செய்து, பிறகு ஒரு கம்பெனியில் காவலாளியாகி, அவளை எம்.எஸ்சி. வரை படிக்கவைத்தார். இப்போது அவளுக்கு மாமல்லபுரத்துக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை.

ஆய்வுக்கூடத்தின் கவலை இறால். பிடித்த இறாலின் தலை சீக்கிரமே கறுத்துவிடும். கறுக்கவைப்பது அதற்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி. அதைப் பிடித்துக் கட்டிப்போட ஒரு பெப்டைடு, அதாவது புரதத்தின் சின்னத் துண்டு, வேண்டும். எந்தத் துண்டு என்று யாருக்கும் தெரியாது. அதனால் கோடிக்கணக்கில் ஈஸ்ட் செல்களை வளர்த்தார்கள். ஒவ்வொரு செல்லும் தன் மேல்பரப்பில் வெவ்வேறு துண்டை நீட்டிக்கொண்டிருக்கும். பொடிப்பொடியான காந்த மணிகளில் நொதியை ஏற்றி, ஈஸ்டோடு கலந்து, காந்தத்தால் இழுத்தால், நொதியைப் பற்றிய செல்கள் கூடவே வரும். வந்ததை வளர்த்து மறுபடி இழுக்க வேண்டும். ஜாக்குலின் இழுத்தாள்.

சில சுற்றுகளுக்குப் பிறகு ஏறக்குறைய எல்லாச் செல்களும் ஒரே துண்டோடு வந்தன. ஆய்வுக்கூடத் தலைவி கல்யாணி இனிப்பு வாங்கிவரச் சொன்னார். ஜாக்குலின் வீட்டில் சொன்னாள். அம்மா ரெபேக்காள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து, தன் மகள் இறாலைக் கறுக்காமல் ஆக்கிவிட்டதாகச் சாட்சி சொன்னாள். சபை அல்லேலூயா என்றது.

மறுநாள் ஜாக்குலின் பாக்கியிருந்த ஒரு சோதனையைச் செய்தாள். நொதி இல்லாத வெறும் மணிகளை அந்த ஈஸ்டில் போட்டாள். செல்கள் வந்து ஒட்டிக்கொண்டன, முன்னைவிட நன்றாகவே. இன்னொரு முறை செய்தாள். அப்போதும் ஒட்டின.

"மேடம், இது மணியைத்தான் புடிக்குது. நொதியை இல்ல."

கல்யாணி கணினித் திரையில் முடிவைப் பார்த்தார். "ஸ்வீட் சாப்ட்டாச்சே" என்றார்.

வீட்டில் ரெபேக்காளுக்கு இது பிடிபடவில்லை. "ஒட்டிக்கிச்சுன்னு சொன்ன?"

"ஒட்டிக்கினுதான் கீது. வேற எதுலயோ."

"வேலைய வுட்டு தூக்கிடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப சர்ச்சுல இன்னான்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத."

"சாட்சிய வாபஸ் வாங்க முடியாது" என்றாள் ரெபேக்காள். அதோடு சோறு போட்டாள்.

ஜாக்குலின் முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை வெறும் மணிகளை முதலில் போட்டு, அவற்றில் ஒட்டியதையெல்லாம் கொட்டினாள். மிஞ்சியதைத்தான் நொதியிடம் விட்டாள். மழைக்காலம் முடியும்போது ஒரு துண்டு கிடைத்தது. பிடி சுமார்தான், ஆனால் நொதி இல்லாத மணியை அது சீண்டவே இல்லை. அந்தத் துண்டைத் தனியாகத் தயாரித்து, கரைசலில் இறாலை நனைத்துவைத்தார்கள். நனைக்காத இறால் காலையிலேயே கறுத்துப்போனது.

மத்தியானத்துக்கு மேல் கல்யாணி வந்து, நனைத்த இறால் இருந்த தட்டைப் பார்த்தார். "இதுவும் கறுக்குதே."

"லேட்டா கறுக்குது மேடம். மத்தியானம் வரைக்கும் தாங்குச்சு."

"நிஜமாவா? வெறும் தண்ணியில நனைச்சும் பாத்தீங்களா?"

"பாத்தேன். அது காலையிலயே கறுத்துடுச்சு."

கல்யாணி தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப சாயங்காலம் வரைக்கும் தாங்கறது ஒண்ணு தேடுங்க."

"சரி மேடம்" என்ற ஜாக்குலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை. புது ஈஸ்ட் வளர்க்கக் குடுவையை எடுத்தாள்.