குரோமியத்தின் கடைசி எலக்ட்ரான்

ஓசூர் வார்ப்பட ஆலையில் நான் உலைக்காரன். உருக்கிய இரும்பைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள். ஒல்லி, தடித்த கண்ணாடி. எந்தத் துண்டையும் கருவியில் வைத்து, சரியாக மூன்று இடத்தில் மின்பொறி விட்டுப் பார்த்த பிறகே முடிவை எழுதுவாள்.

ஒருநாள் என் உலை இரும்பில் குரோமியம் அதிகம் என்றாள். எழுதினால் உருக்கியது முழுவதும் வீண், என் வேலையும் போய்விடும். கத்தினேன்.

"ஏம்மா, கண்ணால பாத்துத்தானே பழைய இரும்பப் போட்டேன்?"

"உங்க கண்ணுக்கு எல்லாமே இரும்புதாண்ணா. பொறி பட்டா எலக்ட்ரான் மேல் கூட்டுக்குத் தாவி எறங்கும். எறங்கறப்ப வர்ற வெளிச்சம் ஒவ்வொண்ணுக்கும் வேற. இது குரோமியம். கூடு கூடா எண்ணினா எலக்ட்ரான் ரெண்டு, எட்டு, பதிமூணு, ஒண்ணு."

"கடைசியில ஒண்ணுதானா? இரும்புக்கு ரெண்டுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சேனே."

"இதுக்கும் ரெண்டுதான் வரணும். உள்கூட்டோட கடைசிப் பிரிவுல அஞ்சாவது எடம் காலியா கெடந்துச்சு. ஒண்ணு அங்க போயிருச்சு. அப்பத்தான் அணுவுக்கு நிம்மதி."

"என் நிம்மதி?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான்காவது இடத்திலும் பொறிவிட்டாள். அதே அளவுதான் வந்தது. எழுதிவிட்டாள்.

மறுநாள் எனக்கு வேலை இல்லை. அவள்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் குரோமியம் கலந்த எவர்சில்வர் டம்ளரைக் கையில் எடுத்தால், அந்த நான்காவது பொறி எனக்காகத்தானா என்று யோசிக்கிறேன்.