ஒரு 'பனி'யும் நாலு மொழியும்

தொழிற்சாலையில் முதலுதவி அறை வைப்பார்கள், அதில் ஒரு நர்சையும் வைப்பார்கள். அடிபட்டவன் என்ன சொல்கிறான் என்று கேட்கத்தான் ஆள் வைப்பதில்லை. எண்பதுகளில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நர்ஸ். ஆவடியிலிருந்து ரயிலில் வருவேன். எல்லாருக்கும் நான் 'சிஸ்டர்'. உங்களில் யாராவது இந்த வேலை பார்த்திருந்தால், என்னோடு சேர்ந்து பல்லைக் கடிப்பீர்கள்.

நூற்றிநாலு டிகிரி

லேத் ஓட்டும் வர்கீஸ் ஒரு நாள் காலை சூப்பர்வைசரிடம் போய், "சாரே, எனிக்குப் பனியாணு" என்றிருக்கிறான். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். இவர் காதில் விழுந்தது 'பணி'. "எல்லாருக்குந்தான் பணி, போய் மெஷினப் பாரு" என்று விரட்டிவிட்டார். மத்தியானம் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மெஷின் ஓடும்போதே சரிந்துவிட்டானாம். கை உள்ளே போகாதது கர்த்தர் கிருபை. காய்ச்சல் நூற்றிநாலு, நடுக்கத்தில் கட்டிலே ஆடியது.

எங்கள் தெருத் தமிழாசிரியையிடம் புலம்பினேன். பழைய தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல், காய்ச்சலுக்கு அந்தப் பேர் அதிலிருந்து வந்திருக்கலாம் என்றார். நம் வார்த்தையேதான்! மறுநாள் சூப்பர்வைசரிடம் போய்ச் சத்தம் போட்டேன். மனுஷன் அசரவில்லை: "பணி இருக்குன்னான், பாக்கச் சொன்னேன். இதுல என் தப்பு என்ன சிஸ்டர்?"

குழாயடியில்

முலாம் பூசும் இடத்தில் ராம்பிரசாத்தின் கையில் ஆசிட் தெறித்துவிட்டது. ஊருக்குப் புதுசு, இந்தி மட்டும்தான் தெரியும். "பானி! பானி!" என்று அலறிக்கொண்டு ஓடினான். இந்தியில் அது தண்ணீர். நாம் குடிக்கிற பானத்துக்கு உறவு. குழாயை மறித்து நின்றவன் மேனாம்பேட்டு ஏழுமலை. குழாயைத் திறக்காமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சண்டைக்கு நின்றான். வேறொருவர் ஓடிவந்து தண்ணீரைத் திறப்பதற்குள் முழங்கை வரை தோல் வெந்துவிட்டது.

கட்டுப் போட்டுவிட்டு ஏழுமலையைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவனுக்கு என்னைவிடக் கோபம்: "எரியுதுன்னா எரியுதுன்னு சொல்லட்டுமே சிஸ்டர், என்னப் பாத்து இன்னாத்துக்கு 'பன்னி'ன்றான்?"

டாக்டருக்கு வந்த சந்தோஷம்

வாரம் ஒரு முறை வரும் கம்பெனி டாக்டர் கேரளாக்காரர். கான்ட்ராக்டில் தகடு அடுக்கும் ரமணம்மா, நெல்லூர்ப் பக்கத்துப் பெண், அழுதுகொண்டே அவர் முன்னால் வந்து நின்றாள். "பனி லேது சார், பனி லேது." டாக்டர் சிரித்தார். "பனி இல்லையா? ரொம்ப நல்லது. போய் வேலையப் பாரு."

எங்கள் பக்கத்து வீட்டில் தெலுங்குக்காரர்கள், எனக்குப் புரிந்துவிட்டது. தெலுங்கில் பனி என்றால் வேலை. முந்தானையில் சுற்றி மறைத்திருந்த கையைப் பிரித்தேன். விரல் ஒன்று நசுங்கியிருந்தது. கையுறை இல்லாமல் தகடு தூக்க வைத்து, நசுங்கியதும் "நாளையிலேர்ந்து வராதே" என்று துரத்தியிருக்கிறான் கான்ட்ராக்டர். காயத்துக்கு மருந்து போட்டு, அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போய், தொழிற்கூடமே திரும்பிப் பார்க்கும்படி அவனிடம் கத்தினேன். நான் நகரமாட்டேன் என்று தெரிந்ததும் கான்ட்ராக்டர் சலித்துக்கொண்டான்: "ஒரு வெரலுக்கு இவ்ளோ சத்தமா சிஸ்டர்? சரி, ஸ்டோர்ஸ்ல ஒக்காந்து எல்லாருக்கும் கையுறை எடுத்துக் குடுக்கட்டும்."

அதற்கப்புறம் யார் 'பனி' என்று வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர், அடுத்து தெர்மாமீட்டர், அதற்கும் மசியாவிட்டால் கான்ட்ராக்டரோடு சண்டை என்று வரிசையாகச் செய்துவிடுவேன், மூன்றில் ஒன்று எப்படியும் பொருந்திவிடும்.