ஸ்ரெல்லாவின் பிக்கப்பும் கடைசிக் கால் அங்குலமும்

1. இரண்டாம் கியரில் வந்தவர்

ஸ்ரெல்லாவின் பிக்கப் பேசாலையிலிருந்து மன்னார் வரை முழுத் தூரமும் இரண்டாம் கியரிலேயே ஓடி என் கராஜுக்கு வந்தது. வேறு எந்தக் கியரும் விழவில்லை. நிறுத்தியபோது போனட்டுக்குள் இருந்து ஆவி பறந்தது. பின்னால் ஈரச் சாக்கு போர்த்திய ஆறு கூடை நண்டு. பாதி நண்டு அப்போதே அசைவில்லாமல் கிடந்தது.

போர் முடிந்து, பாதை திறந்து இரண்டாம் வருடம் அது. பிக்கப் இங்கிலாந்தில் செய்தது. ஸ்ரெல்லாவின் மாமனார் வாங்கியது. அதற்கு என்னைவிட வயது கூட. பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. கடலில் முதுகு அடிபட்டு ஸ்ரெல்லாவின் கணவர் வீட்டோடு இருந்துவிட்டதால், ஸ்ரெல்லாதான் ஓட்டினார். காலையில் பேசாலையில் நண்டு வாங்குவார். பதினொரு மணிக்குள் வவுனியாவில் ஒரு கம்பனியின் கொள்வனவு நிலையத்தில் உயிரோடு கொடுக்க வேண்டும். செத்த நண்டைக் கம்பனி தொடாது.

"மனேஜர் சொல்லிப்போட்டார் அண்ணை. இன்னும் ரெண்டு கிழமைதான் பாப்பாராம். அதுக்குள்ள ஒழுங்கா நேரத்துக்குக் கொண்டுவராட்டி, தங்கட குளிர் லொறியைப் பேசாலைக்கே அனுப்புவினமாம். பிறகு எனக்கு அங்க என்ன வேலை?"

கியர்பொக்ஸைக் கழற்றித் திறந்தேன். அடியில் ஒயிலோடு சேர்ந்து உடைந்த பற்கள் ஒரு கைப்பிடி கிடந்தன. அந்தப் பொக்ஸுக்கு உதிரிப்பாகம் இலங்கையிலேயே இல்லை. இருந்தாலும் பழைய நாலு கியரோடு புதிய காபெற் ரோட்டில் அந்த வண்டி மணிக்கு முப்பது மைல்தான் கத்திக்கொண்டு போகும். விபத்தில் நொறுங்கிய யப்பான் பிக்கப் ஒன்று வவுனியாவில் பழைய இரும்புக்காரரிடம் கிடந்தது. அதன் ஐந்து கியர் பொக்ஸை இந்த எஞ்சினோடு பூட்டலாம் என்று சொன்னேன்.

"பூட்டலாமா, பூட்டித் தருவீங்களா?" என்று கேட்டார்.

"தருவன்," என்றேன். வாய் எப்போதும் எனக்குக் கைக்கு முன்னால் ஓடும்.

2. ட்ரோலர் தகடு

இங்கிலாந்து எஞ்சினும் யப்பான் பொக்ஸும் தாமாகச் சேராது. போல்ட் துளைகள் வேறு வேறு. நடுவே இரண்டுக்கும் பொருந்தும்படி ஒரு தடித்த தகடு வேண்டும். அடப்டர் தகடு என்பது அதுதான். புதுத் தகடு வாங்க வசதியில்லை. கரையில் உடைத்துக்கொண்டிருந்த ட்ரோலர் படகு ஒன்றிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்தேன். உப்பு தின்ற மேல்தோலை உரித்தால் உள்ளே நல்ல இரும்பு.

தகட்டைக் கடைந்து தந்தவர் எருக்கலம்பிட்டி ஜவாத் நானா. புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டு, லேத் மெஷினையும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியவர். ஒரு அளவை மூன்று தரம் எடுப்பார். பக்கத்தில் நிற்க எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

"தகடு சரி. சாப்ட் நீளம் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தனான் நானா."

பார்த்தேன்தான். கண்ணால் பார்த்தேன். டேப் வைத்துப் பார்க்கவில்லை.

இளையவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். கியர்பொக்ஸின் முன்னால் ஒரு சாப்ட் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மூக்கு, எஞ்சினுக்குள் சுழலும் கிராங் சாப்டின் நுனியில் உள்ள குழிக்குள் போய் இருக்க வேண்டும். குழியின் அடியில் முட்டக்கூடாது. முட்டினால் ஓடுகிற நேரமெல்லாம் கிராங்கை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

3. கால் அங்குலம்

ஆறாம் நாள் பொக்ஸைச் செயின் புளொக்கில் தூக்கி எஞ்சினோடு சேர்த்தேன். வழுக்கிக்கொண்டு போய், கால் அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. ஆட்டினேன், தட்டினேன், வரவில்லை. நாலு போல்ட்டையும் போட்டு மாறி மாறி இறுக்கினேன். இடைவெளி மூடிக்கொண்டது.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், நான் வாகனத்துக்கு வரமுன் பதினைந்து வருடம் வள்ள எஞ்சின் மெக்கானிக். எங்கள் கரையில், வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற வெளியெஞ்சினின் கீழ்க்காலைக் கழற்றிப் பூட்டுகிற எவரும் கடைசித் துண்டை நட்டை இறுக்கி இழுத்துத்தான் மூடுவார். தண்ணீர்க் குழாயின் ரப்பர் பிடித்துக்கொண்டு நிற்கும். நட் இழுத்தால் உள்ளே போகும். ஆயிரம் தரம் அப்படி மூடிய கை இது. இங்கே ரப்பர் எதுவும் இல்லை என்பதைக் கை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அந்த இடைவெளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

ஸ்ராட்டிங் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். பாரமாக இருந்தது. புதுப் பொக்ஸ், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓடத் தொடங்கி இரண்டாம் நாள் ஸ்ரெல்லா வந்தார்.

"நல்லாத்தான் ஓடுது அண்ணை, பத்தரைக்குப் போயிற்றன். ஆனா கிளச் மிதிக்கேக்க எஞ்சின்ர சத்தம் இறங்குது. முந்தி இப்பிடி இல்லை."

"புதுக் கிளச்தானே தங்கச்சி. ஓட ஓடப் பழகும்."

அவர் ஓம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

4. ஒயிலில் மினுங்கியது

நாலாம் நாள் வவுனியா போகிற வழியில் உயிலங்குளத்தில் எஞ்சின் இடிக்கத் தொடங்கியது. ஒரு உழவு மெஷின் பிக்கப்பைக் கட்டி இழுத்து வந்தது. எஞ்சின் ஒயிலை வடித்தேன். வெண்கலத் தூள் மினுமினுத்தது. கிராங் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடாமல் பிடிக்கிற அரைவட்டத் திரஸ்ட் வாஷர் இரண்டும் தேய்ந்து தாள் போல இருந்தன. பொக்ஸை இறக்கிப் பார்த்தேன். சாப்டின் மூக்கு நுனி கண்ணாடி போல் பளபளத்தது. குழியின் அடியில் உரசிய அடையாளம். வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் கிராங் எஞ்சினின் உடம்பையே தின்றிருக்கும். அதோடு பிக்கப் முடிந்திருக்கும்.

ஸ்ரெல்லா ரயர் ஒன்றின் மேல் இருந்தார். கெடு முடிய மூன்று நாள்தான் இருந்தது.

"வயசு போன எஞ்சின்தானே அண்ணை. நீங்கள் என்ன செய்வியள்? இரும்புக்குக் குடுப்பம்."

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வயது போன எஞ்சின் என்றால் மன்னாரில் ஒருவரும் மறு கேள்வி கேட்கமாட்டார்கள். நான் தலையை ஆட்டினால் போதும். கைகளைத் துடைத்தேன். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தேன். ஒயில் தட்டை அங்கே வைத்தேன், இங்கே வைத்தேன். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

"எஞ்சினில பிழை இல்லை," என்றேன் கடைசியில். "நான் செய்த பிழை. சாப்ட் நீளம். அளக்காமல் போல்ட்டால இறுக்கி மூடினனான். நீங்கள் சத்தம் எண்டு வந்து சொல்லேக்கயும் நான் கேக்கேல்லை."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் ரெண்டு கிழமை எண்டு சொன்னனான். நீங்கள் ஆறு நாளில முடிச்சியள். அளக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"பத்து நிமிசம்."

அவர் எழுந்து பஸ் எடுக்கப் போய்விட்டார். அந்தப் பத்து நிமிடம் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

5. மூன்று நாள்

ஜவாத் நானா என்னைத் திட்டவில்லை. பழைய வள்ளமொன்றின் வெண்கலப் புரொப்பெலரைப் பட்டறை மூலையிலிருந்து இழுத்தெடுத்தார். அதில் திரஸ்ட் வாஷர்களை வெட்டிக் கடைந்தார். சாப்டின் மூக்கை எட்டு மில்லிமீற்றர் தேய்த்துக் குறைத்தோம். இந்தத் தரம் அளந்தது நான். மூன்று தரம் அளந்தேன். நானா சிரித்தார்.

பொக்ஸைத் திரும்பச் சேர்த்தபோது கையாலேயே தகட்டோடு போய் ஒட்டியது. அதன் பிறகுதான் போல்ட் போட்டேன். ஹாண்டில் ஒரு கையில் சுற்றியது.

கடைசி நாள் காலை ஸ்ரெல்லா நண்டை ஏற்றி முடித்ததும் என்னிடம் சொன்னார்:

"ஏறுங்கோ."

"எனக்குக் கராஜில வேலை கிடக்கு, தங்கச்சி."

"கராஜைப் பூட்டிப்போட்டு ஏறுங்கோ. வவுனியா போய் வாற வரைக்கும் நீங்கள் எனக்குப் பக்கத்தில இருக்கோணும்."

ஏறினேன். என் வாழ்க்கையில் மிக நீண்ட பயணம் அது. ஸ்ரியறிங் அவர் கையில், கியர் அவர் கையில், எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் காது எஞ்சினுக்குள் போய் வந்தது. முருங்கன் தாண்டி ஐந்தாம் கியர் போட்டார். சத்தம் தணிந்து வண்டி வழுக்கிக்கொண்டு போனது. போல்ட் இருப்பது நெருக்குவதற்கு அல்ல, நெருங்கியதைப் பிடித்துவைக்க என்பதை அந்த ஆசனத்தில்தான் படித்தேன். தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான்: தானாக வராத கால் அங்குலம் ஏதோ சொல்ல நிற்கிறது. அது என்ன என்று தெரியும்வரை ஸ்பானரைக் கீழே வையுங்கள். உங்கள் வேலை சரியா என்று அறிய, அதை நம்பிப் போகிறவருக்குப் பக்கத்தில் ஒரு தரம் இருந்து பாருங்கள்.

பத்து மணி பத்து நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மனேஜர் சாக்கை விலக்கி ஒவ்வொரு கூடையாகப் பார்த்தார். நண்டுகள் காலை ஆட்டின.

"சரி, லொறி அனுப்பமாட்டம். நாளைக்கும் கொண்டு வாங்கோ," என்றார்.

ஸ்ரெல்லா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெறும் கூடைகளை ஏற்றினார். திரும்பி வந்து மன்னார்ப் பாலத்தில் ஏறியபோது, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"நாளைக்கு நீங்கள் வரத் தேவையில்லை, அண்ணை."

நான் ஓம் என்றேன். ஆனால் அடுத்த நாள் பதினொரு மணி ஆகும்வரை என்னால் கராஜில் ஒரு நட்டைக்கூடக் கழற்ற முடியவில்லை.