தங்கச்சியோடு கென்ட் திராட்சைத் தோட்டத்துக்கு

லண்டன் இல்ஃபோர்டில் இருக்கும் என் தங்கச்சி பவளத்துக்கு மறதி நோய். இந்தப் புரட்டாதி பிறந்ததிலிருந்து, "திராட்சை பறிக்க நேரமாச்சு, சப்பாத்து எங்கை?" என்று வாசலில் வந்து நிற்கிறாளாம். பிரான்ஸில் இருந்தபோது வருடாவருடம் பறித்தவள். அவள் மகள் துஷி போன் எடுத்தாள்: "பெரியம்மா, கென்ட்டிலை ஒரு தோட்டம் இருக்கு. ஒரு நாள் ட்ரிப்தான். நீங்களும் வாங்கோ, ப்ளீஸ்."

எனக்கும் பவளத்துக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. என் மனுசனின் செத்தவீட்டுக்கு அவள் வரவில்லை. பறிப்புக் காலம், விட்டுவிட்டு வர ஏலாது என்று பிரான்ஸிலிருந்து சொல்லியனுப்பினாள். அன்றைக்கு யாருக்குப் பின்னால் யார் நின்று வாய்க்கரிசி போட்டார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். ஏன் வரவில்லை என்று அவளிடமே கேட்கவேண்டும், அவளுக்கு எல்லாம் மறந்துபோக முதல் கேட்கவேண்டும். அதற்காகத்தான் ஓம் என்றேன்.

சனி, ஞாயிறு இடம் கிடைக்காது. நாங்கள் செவ்வாய்க்கிழமைக்குப் பதிவு செய்தோம், ஆளுக்கு இருபது பவுண். தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, மூன்று வகை வைன் ருசி பார்க்கத் தருவார்கள். என்னைப் போன்றவர்களுக்குத் திராட்சைச் சாறு உண்டு. லண்டன் பிரிட்ஜிலிருந்து ஹெட்கோர்னுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம். டாக்சிக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள், அங்கே ஸ்டேஷன் வாசலில் நிற்காது.

லண்டன் பிரிட்ஜில் என்னைக் கண்டதும் பவளம், "அக்கா, நல்லா மெலிஞ்சு போனாய்" என்று கையைப் பிடித்தாள். ஹெட்கோர்ன் வரும்வரை விடவில்லை. நானும் இழுக்கவில்லை. துஷி எதிரே இருந்ததால் கேட்கவும் இல்லை.

எங்களில் யார் மூத்தவர் என்று டாக்சிக்காரர் கேட்டாராம், துஷி தமிழில் சொன்னாள். "இவாதான் கிழவி. நான் இன்னும் வேலைக்குப் போறன்" என்றாள் பவளம். விளங்காமலே அவரும் சிரித்தார்.

தோட்டம் சரிவான நிலம், மழைச் சேறு. சுற்றிக்காட்டிய பெண்ணோடு துஷி முன்னே போய்விட்டாள். பவளம் ஒரு வரிசைக்குள் நுழைந்து, இலையை விலக்கிக் குலைகளைத் தடவிக்கொண்டு நின்றாள். இதுதான் நேரம் என்று கேட்டேன்.

"பவளம், அத்தான்ரை செத்தவீட்டுக்கு நீ ஏன் வரேல்லை?"

அவள் கை அப்படியே நின்றது. "அத்தான் செத்துப் போட்டாரோ? எப்ப? எனக்கு ஏன் ஒருதரும் சொல்லேல்லை?"

சேற்றிலேயே குந்திவிட்டாள். என்னையும் கீழே இழுத்து, கழுத்தைக் கட்டிப்பிடித்து, செத்தவீட்டில் பெண்கள் அழுகிற மாதிரியே குரலெடுத்து அழுதாள். "என்ரை அத்தானே, எனக்குச் சொல்லாமல் போயிட்டியளே." துஷி ஓடி வந்தாள். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். நானும் அழுதேன்.

தண்ணீர் குடித்து முடிய அவள் முகம் தெளிந்துவிட்டது. என் சேலையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டு, "அத்தான் வரேல்லையோ?" என்று கேட்டாள்.

"வேலைக்குப் போயிட்டார்" என்றேன்.

"அப்ப இதை அவருக்குக் குடு. அவருக்குப் புளிப்பெண்டால் விருப்பம்." ஒரு குலையைப் பறித்து என் கைப்பைக்குள் வைத்தாள். அந்தப் பெண் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போகிறவர்கள் புரட்டாதிக் கடைசியில் போங்கள், அப்போதுதான் குலைகள் நிறைந்திருக்கும். சேற்றுக்கு ஏற்ற சப்பாத்து கட்டாயம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அங்கே விலை அதிகம். மறதி உள்ளவர்களைக் கூட்டிப் போனால், இறந்தவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்டால், அவர்களுக்கு அந்த ஆள் அன்றைக்குத்தான் சாகிறார். நான் தெரியாமல் கேட்டுவிட்டேன்.

வைன் திராட்சை சிறிது, தோல் தடிப்பு, உள்ளே எல்லாம் விதை. வாயில் வைக்க முடியாத புளிப்பு. தோர்ண்டன் ஹீத்தில் என் வீட்டுக்கு வந்து, பவளம் தந்த குலையைக் கழுவி, மனுசனின் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

"பவளம் வந்தவள்" என்று அவரிடம் சொன்னேன்.